வைத்தியம் இலவசம், வழிச்செலவு?

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளரிடம் கட்டணம் அறவிடும் முறை 1951ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. மருந்துக்குப் பணம் வேண்டியதில்லை. ஆனால், மருந்துள்ள இடத்தை அடையப் பணம் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை கிடைப்பது பேராறுதலே. ஆயினும் வன்னியின் உட்கிராமத்தில் வாழும் நோயாளிக்கு அதுவும் நெடும்பயணமன்றோ?

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் வந்த ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை அரும்பணி ஆற்றுகிறது. அது அவசர நிலைக்குரியது. தவணை தவறாது கிளினிக்குக்குச் சென்று மீள வேண்டியவருக்கு உரியதன்று. அந்த இடைவெளியைத் தொண்டர்களே நிரப்புதல் வேண்டும். ஊர்தோறும் வாகனம் உடையோர் உளர். நெஞ்சில் ஈரமும் உண்டு. ஆனால், யாரை ஏற்றுவது என்ற ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாத தருமம் உரத்துக் கேட்பவனுக்கே போய்ச் சேரும்.

1983இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘ஏஞ்சல் ஃபிளைட் வெஸ்ட்’ அமைப்பின் தொண்டர் விமானிகள், தமது செலவிலேயே நோயாளரைச் சிறு விமானங்களில் ஏற்றிச் செல்கின்றனர். வழியில் வைத்திய உதவி தேவைப்படாத உடல்நிலை வேண்டும். பயணத்திற்கு உண்மையான தேவை இருத்தல் வேண்டும். இவை அவர்களது விதிகள். விமானி வைத்தியரல்லர் என்பதே முதல் விதியின் நியாயம். நமது வான் சாரதிக்கும் அது பொருந்தும். ஆகவே, “இவர் அமர்ந்து பயணஞ் செய்யக்கூடியவர்” என்ற வைத்தியரின் கடிதம் கட்டாயம் வேண்டும். துணைக்கு வரும் ஒருவருக்கும் ஆசனம் வேண்டும்.

வறுமையை அளப்பதிலேதான் நாம் தவறக்கூடும். உறுதியில் ஐந்து ஏக்கர் வயல் உடையவனது வயல் ஈட்டில் இருக்கலாம். ஓய்வூதியம் பெறும் ஆசிரியரின் பணம் முழுவதும் பரிசோதனைகளுக்கே கரைந்திருக்கலாம். இவர்களது பெயர்கள் எந்த நிவாரணப் பட்டியலிலும் இரா. அத்தாட்சிப் பத்திரம் கேட்டு அலைக்கழித்தால், மானமுள்ளவன் வீட்டிலேயே கிடந்து மடிவான். “நீ ஏழையா?” என்று கேளாதீர்கள். “இந்தத் தவணைக்கு வேறு வழியிற் போக முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்பானாயின் அவன் சொல்லை நம்புங்கள்.

ஒருவர் இருவர் ஏமாற்றக்கூடும் என்பீர்கள். ஏமாந்தால் நட்டம் ஒரு பயணத்தின் எரிபொருள்; உரியவனைத் திருப்பியனுப்பி, அவனது சிகிச்சை இடையில் நின்றுபோனால் நட்டம் ஓர் உயிர். இவ்விரண்டில் எதைத் தாங்குவது எளிது?

சாதி, சமயம், கட்சி எதுவும் அந்த வாகனத்தின் வாசலில் நிற்கலாகாது. வைத்தியர்கள் கடிதம் எழுதட்டும்; கணக்கறிந்தோர் கணக்கு வைக்கட்டும்; வாகனமுடைய கமக்காரர் மாதத்தில் ஒரு நாளைத் தரட்டும். தவணை நாளன்று விடியுமுன் நோயாளியின் படலையில் வாகனம் நிற்குமானால், இலவச வைத்தியம் என்ற சொல் அன்றுதான் முழுமை பெறும்.