340 கிலோமீட்டருக்கு 800 கிலோமீட்டர் சுத்தணுமா?

சொந்தங்களே, மேப்பைத் திறந்து சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் இருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க. கோடு கிட்டத்தட்ட நம்ம சாணார்பட்டி தலைக்கு மேலேயே போகும். தூரம் சுமார் 340 கிலோமீட்டர். ஆனா இந்த ரெண்டு ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது. சென்னை போய் மாறணும். சேலம்–சென்னை 265, சென்னை–தூத்துக்குடி 530. மொத்தம் 800 கிலோமீட்டர் வானத்தில் சுத்தி, நடுவுல மீனம்பாக்கத்தில் மணிக்கணக்கா காத்திருக்கணும். அதுக்கு கரூர், திண்டுக்கல், மதுரை வழியா கார்லயே போயிடலாம்.

நேரடி விமானம் விட்டா எவ்வளவு நேரம் ஆகும்? "நாற்பதே நிமிஷம்"னு சிலர் கணக்குப் போடுறாங்க. ஏடிஆர் விமானம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம், 340-ஐ வகுத்தா 41 நிமிஷம் வருது. கணக்கு சரி, ஆனா விமானம் அப்படிப் பறக்காது. ஓடுபாதை வரை ஊர்ந்து போகணும், மேலே ஏறணும், வரிசையில் இறங்கணும். 265 கிலோமீட்டர் சென்னை–சேலத்துக்கே சுமார் ஒரு மணி நேரம் ஆகுது. அப்போ இதுக்கு ஒன்றேகால் மணி நேரம்னு வைங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே செக்-இன், ரெண்டு பக்கமும் ஊருக்குள் போய் வரும் நேரம் எல்லாம் சேர்த்தா மூன்றரை மணி நேரம். கார்ல ஆறு மணி நேரத்துக்கு மேல. மிச்சம் ரெண்டரை, மூணு மணி நேரம். சின்ன விஷயம் இல்ல. (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இந்தக் கணக்காவது உதவட்டும்.)

இதுக்குத்தான் உடான் திட்டம் வந்தது. முதல் விமானம் 2017 ஏப்ரலில் பறந்தது. அப்போ பாதி சீட்டுகள் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், நஷ்டத்தை அரசு ஈடுகட்டும், அதில் 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. சேலத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. 2021-ல் நின்னுபோச்சு. அடுத்த விமானம் வந்தது 2023 அக்டோபரில். ரெண்டு வருஷம் மக்கள் வரிப்பணத்தில் போட்ட ஓடுபாதை வெயில் காஞ்சது. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாங்க, ஓடுபாதையும் 3,115 மீட்டருக்கு நீண்டிருக்கு. கட்டடம் வந்தாச்சு. எல்லா விமானமும் பெருநகரத்துக்கே போனா, பக்கத்து ஊரு பக்கத்து ஊருக்கு எப்போ போறது? சேலம்–தூத்துக்குடியை உடான் வழித்தடமா கேட்கணும். மானியக் காலம் முடிஞ்சதும் ஓடிப்போகாதபடி ஒப்பந்தம் போடணும்.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். அந்த விமானம் பறந்தாலும் சாணார்பட்டிக்காரன் அண்ணாந்துதான் பார்க்கணும். நமக்கு மதுரை விமான நிலையமே ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இருக்கு. நாம சேலம் போக வேண்டிய கரூர்–திண்டுக்கல் ரயில் பாதை இன்னும் ஒற்றைப் பாதை. எதிர்ல ரயில் வந்தா ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்கணும். நத்தம் மாங்காயும் சிறுமலை வாழைப்பழமும் ஏத்துறவங்களுக்கு அந்த இரட்டைப் பாதைதான் முதல் தேவை.

அடுத்த தேர்தலில் "திண்டுக்கல்லுக்கு ஏர்போர்ட்"னு யாராவது மைக் பிடிச்சா, இரட்டைப் பாதை எப்போன்னு முதல்ல கேளுங்க. நம்ம கட்சிக்காரங்க வந்தாலும் கேளுங்க.