பட்டியலுக்கு எதுக்குங்க பூட்டு?

இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் புலம்பல். பொறுத்துக்கோங்க.

தினமும் வல்லக்கோட்டை முருகனுக்கு பஸ்ஸிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ப்ராஜெக்ட் செய்யப் போனேன். எடை மெஷின் காட்டும் எண்ணை கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், அவ்வளவுதான். மெஷினோடு டிஎல்எல்லும் ஹெடர் ஃபைலும் கொடுத்திருந்தார்கள். இம்போர்ட் லைப்ரரி மட்டும் இல்லை. விற்றவர்களிடம் கேட்டால் பதிலே இல்லை. "அது இல்லாம லிங்க் ஆகாதுடா, ப்ராஜெக்டையே மாத்திடு" என்றான் நண்பன். இரண்டு வாரம் போச்சு!

அப்புறம்தான் புரிந்தது. இம்போர்ட் லைப்ரரியில் உண்மையான வேலை செய்யும் கோட் எதுவும் கிடையாது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை தொடங்கியதே, அந்த மாதிரி ஆலைகளில் எந்த பாகம் எந்த சப்ளையரிடமிருந்து வரும் என்று ஒரு பட்டியல் இருக்கும் இல்லையா? அதேதான் இது. இன்ன ஃபங்ஷன், இன்ன டிஎல்எல்லில் இருக்கிறது என்ற தகவல் மட்டும். நிஜமான பாகம் ப்ரோகிராம் ஓடும்போதுதான் வந்து சேரும்.

அந்தப் பெயர்களோ டிஎல்எல்லுக்குள்ளேயே இருக்கின்றன! மிங்-டபிள்யூ 64 திட்டத்தின் ஜென்டெஃப் அவற்றைப் படித்து ஒரு டெஃப் ஃபைல் எழுதித் தரும். அதை க்னூ பின்யுடில்ஸில் உள்ள டிஎல்எல்டூலிடம் கொடுத்தால் இம்போர்ட் லைப்ரரி ரெடி. இரண்டே கட்டளை, பைசா செலவில்லை. லினக்ஸில் இந்தக் கூத்தே வேண்டாம், ஷேர்டு லைப்ரரியையே நேராக லிங்கரிடம் கொடுத்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. 32 பிட்டில் சில ஃபங்ஷன் பெயர்களின் வாலில் '@8' மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பெயர் பொருந்தாவிட்டால் டிஎல்எல்டூலின் கில்-அட் ஆப்ஷனைப் பாருங்கள். சி++ கிளாஸ்கள் என்றால், கம்பைலருக்கு கம்பைலர் பெயரைத் திரிக்கும் விதம் வேறு. அங்கே இந்த வித்தை பலிக்காது.

என் கருத்து இதுதான். இம்போர்ட் லைப்ரரிக்காக யார் காலிலும் விழ வேண்டாம், நாமே செய்துகொள்ளலாம். கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியது ஹெடர் ஃபைலைத்தான். எந்த ஃபங்ஷனுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது சி டிஎல்எல்லின் பெயர்ப் பட்டியலில் இருக்காது.

லேபில் நமக்கு கம்பைல் பட்டனை அமுக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். லிங்கர் என்ன செய்கிறது என்று ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால் என் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும்!