மூச்சை மாற்றினாலே மூளை ‘மின்னுமா’? ஸ்கேன் படத்தை நம்பும் முன்...

கொடைக்கானலைத் தாண்டி பூண்டி வரைக்கும் போய் டென்ட் போடுறவங்க உண்டு. மலைக்காற்றில் மூச்சுப் பயிற்சி செய்தால் மூளையே மாறிடும் என்கிற ரீல்ஸும் நம்ம போனுக்கு வருது. கூடவே சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் மூளைப் படம். அந்தப் படம் உண்மையில் எதைக் காட்டுது?

எஃப்எம்ஆர்ஐ எதை அளக்குது?

எண்ணத்தை அல்ல, ரத்தத்தை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும், அதை இழந்த ரத்தமும் காந்தப் புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்ளும். 1990-ல் செய்ஜி ஒகாவா குழு கண்டறிந்த இந்த வித்தியாசம்தான் அடிப்படை. மாற்றம் சில சதவீதம்தான்.

மூச்சு எங்கே குறுக்கே வருது?

நெஞ்சு ஏறி இறங்கினாலே காந்தப் புலம் லேசாக மாறும். மூச்சைப் பிடித்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடி, மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும்; சிந்தனையே மாறாமல் சிக்னல் ஏறிடும்.

இதயம் இன்னொரு சிக்கல். ஸ்கேனர் 2 நொடிக்கு ஒரு படம் எடுத்தால், நொடிக்கு ஒருமுறை அடிக்கும் துடிப்பைச் சரியாகப் பிடிக்க முடியாது. சினிமாவில் கார் சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி, அது மெதுவான அலையாக வேஷம் போடும்.

எப்படிப் பிரிக்கிறாங்க?

வயிற்றில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். ஒவ்வொரு படமும் மூச்சு, துடிப்பின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, அந்தப் பங்கைக் கழிப்பது 2000-ல் வந்த ‘ரெட்ரோஐகார்’ முறை. 2007-ல் வந்த ‘காம்ப்கார்’ முறைக்குப் பெல்ட் தேவையில்லை. மூளையின் வெள்ளைப் பகுதி, மூளைத் தண்டுவட நீர் ஆகியவற்றில் தெரியும் ஏற்ற இறக்கத்தை இரைச்சலாக எடுத்துக் கழிக்கும்.

தியானத்தில் என்ன சிக்கல்?

அங்கே மூச்சே பயிற்சி. இரைச்சலைக் கழித்தால் உண்மையான சிக்னலும் சேர்ந்து போகலாம். அதனால் ஒப்பீடு முக்கியம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2011-ல் வெளியிட்ட ‘ஓம்’ ஆய்வில், ஒப்பீட்டுக்கு ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலிக்கச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நீளமாக வெளியேறும். ‘ஓம்’ சொன்னபோது மட்டும் உணர்ச்சி சார்ந்த பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 12 பேர்தான். அது ஒரு முன்னோட்ட ஆய்வு.

பூண்டியில் மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அதுக்கு ஸ்கேன் சான்றிதழ் வேண்டாம். ஆனா, மூளைப் படத்தைக் காட்டி யாராவது கட்டணம் கேட்டால் மூணு கேள்வி கேளுங்க: மூச்சை அளந்தீங்களா? எதோட ஒப்பிட்டீங்க? எத்தனை பேர்?