லிப்ட் என்ன ஆடம்பரமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குப் பொது மின் இணைப்பு என்றால் தெரியும். மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு, லிப்ட் எல்லாம் ஓடுவது அதில்தான். முன்பு அதற்கும் வீட்டுக் கட்டணம்தான் இருந்தது. 2022 செப்டம்பரில் மின் கட்டணத்தை மாற்றியபோது அதைத் தனி வகையாகப் பிரித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் முணுமுணுப்பு. 2023 அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு சலுகை அறிவித்தார். சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசு. எது சின்னக் குடியிருப்பு? 10 வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, 3 மாடிக்கு மேல் போகக் கூடாது, லிப்ட் இருக்கவே கூடாது.

முதல் இரண்டு நிபந்தனையும் நியாயம். மூன்றாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லிப்ட் வைத்திருப்பவன் வசதியானவன் என்று எந்த அதிகாரி நினைத்தாரோ தெரியாது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் வந்து பார்க்கட்டும். இங்கே மூன்றாவது மாடியில் யார் இருக்கிறார்கள்? அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் தெருவீட்டை விற்றுவிட்டு, பென்ஷன் பணத்தில் பிளாட் வாங்கியவர்கள். மகன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, தனிவீட்டில் அப்பா அம்மா இருந்தால் பாதுகாப்பில்லை என்று வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தவர்கள். அந்த அம்மாக்களில் சிலர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வருஷக்கணக்கில் தீப்பெட்டி ஒட்டியவர்கள். அப்பாக்களில் சிலர் பிரஸ்ஸில் நின்றுகொண்டே காலம் கழித்தவர்கள். முழங்கால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் விட்டுத்தான் பில்டர் இப்போது கட்டுகிறார். ஆக முதல் மாடி வீட்டுக்கே ஒரு மாடி ஏறணும். மூன்றாவது மாடிக்கு ஐம்பது படிக்குக் குறையாது. இவர்களுக்கு லிப்ட்தான் வாசப்படி.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சின்னக் குடியிருப்பு லிப்ட்டில் 5 குதிரைசக்தி மோட்டார் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 3.7 கிலோவாட். மூன்றாவது மாடிக்குப் போக 25 வினாடி. செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 20 காசு. ஏறி இறங்க 40 காசு. இந்த 40 காசு ஆடம்பரத்துக்காக என்ன தண்டனை தெரியுமா? அதே இணைப்பில் ஓடும் தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் சேர்த்துச் சலுகை போகிறது. மாதம் 400 யூனிட் ஓடும் 10 வீட்டுக் குடியிருப்புக்கு, அறிவித்த அன்றைய விகிதத்தில் மாதம் 1000 ரூபாய் வித்தியாசம். வருஷத்துக்கு 12,000. 2024 ஜூலையில் கட்டணம் இன்னொரு தடவையும் ஏறியது. பொது இடங்களில் சாய்தளம் வேண்டும், மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்று 2016-இல் சட்டம் போட்ட நாடு இது. அந்த நாட்டில்தான் லிப்ட் வைத்த சின்னக் குடியிருப்புக்கு அபராதம் மாதிரி ஒரு கட்டணம்.

பணத்தைக் காட்டிலும் பெரிய கேடு ஒன்று உண்டு. நம் ஆட்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "லிப்ட்டைக் கழட்டிட்டா ஈபியில சலுகை குடுப்பாங்கல்ல அண்ணாச்சி?" கேட்டவர் முதல் மாடி. அவருக்கு வயது நாற்பது.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது என்பது இதனால்தான். மூன்று மாடிக் குடியிருப்பு எதில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், இதே பேச்சுதான். "நான் லிப்ட்ல கால் வச்சதே இல்ல, நான் எதுக்கு மெயின்டனன்ஸ் குடுக்கணும்?" பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர் போனில் இன்னொன்று சொல்வார்: "நாங்கதான் அங்க இல்லையே!" இப்படி இரண்டு மூன்று பேர் நிறுத்தினால் போதும். லிப்ட் கம்பெனிக்கு வருஷப் பராமரிப்புப் பணம் கட்ட முடியாது. ஒருநாள் லிப்ட் நடுவில் நிற்கும். ஆள் வந்து பார்த்து, கயிறு மாற்ற வேண்டும், போர்டு போய்விட்டது என்று ஒரு தொகை சொல்வார். கூட்டம் போடுவார்கள். கூட்டத்தில் பழைய கார் நிறுத்தும் சண்டைதான் நடக்கும். லிப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கும். அந்த அட்டை மஞ்சளாகிப் போகும்வரை தொங்கும்.

எங்கள் குடியிருப்பில் அந்த அட்டை இரண்டு மாதம் தொங்கியது. மூன்றாவது மாடியில் எழுபது தாண்டிய ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் தரையை மிதிக்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக் காய் வாங்கினார்கள். பங்குனிப் பொங்கல் வந்தது, மாரியம்மன் கோவில் கொட்டுச் சத்தம் மாடிக்குக் கேட்டது. இறங்க முடியவில்லை. ஒருநாள் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டபோது, ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். தூக்கியவர்களில் முதல் மாடிக்காரரும் ஒருவர். நல்ல மனுஷன்தான். ஆனால் ஆச்சியைத் தூக்க வந்த கை, லிப்ட்டுக்குப் பணம் எடுக்க வரவில்லையே!

"பயன்படுத்தாதவன் ஏன் கொடுக்க வேண்டும்" என்கிற வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். மொட்டை மாடி ஒழுகினால் நனைவது மூன்றாவது மாடி. முதல் மாடிக்காரர் தளம் போடப் பணம் தர வேண்டாமா? கீழே செப்டிக் டேங்க் நிரம்பினால் நாற்றம் முதலில் முதல் மாடிக்கு. மேலே இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மா இருக்கலாமா? ஒரே நிலத்தில் எல்லாருக்கும் பிரிபடாத பங்கு என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். நிலம் ஏறினால் அந்தப் பங்குக்கு விலை கேட்போம், லிப்ட் செலவு வந்தால் மட்டும் என் வீடு தனி என்போமா? மகாராஷ்டிராவில் 1970-லும் கர்நாடகாவில் 1972-லும் வந்த அடுக்குமாடிச் சட்டங்களில் இதைத் தெளிவாகவே எழுதி வைத்தார்கள்: பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்றோ, வீட்டை விட்டுப் போய்விட்டேன் என்றோ சொல்லிப் பொதுச் செலவிலிருந்து யாரும் தப்ப முடியாது. நம் மாநிலத்தில் 1994-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022-இல் போட்ட புதுச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. சங்கம் அமைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் முக்கியம். நம் ஊரில் எத்தனை குடியிருப்பில் பதிவான சங்கம் இருக்கிறது? வாட்ஸ்அப் குரூப் வேண்டுமானால் எல்லா இடத்திலும் இருக்கிறது. காலை வணக்கப் படம் தவறாமல் வருகிறது.

விருதுநகர்க்காரனுக்குப் பொதுப்பணத்தைப் பற்றி வேறு ஊர்க்காரன் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விருதுப்பட்டியாக இருந்த காலத்திலேயே இங்கே மகமை இருந்தது. விற்கும் வாங்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளிதான். காமராஜர் படித்த பள்ளி. மகமை ஒரு சமூகத்தார் தங்களுக்காகச் செய்த ஏற்பாடு என்பது சரி. ஆனால் அந்தக் கணக்கு யாருக்கும் பொருந்தும். "எம்பிள்ளை பள்ளிக்கூடம் போகலையே, நான் ஏன் அரிசி போடணும்" என்று வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டிருந்தால் அந்தப் பள்ளி ஒரு வருஷம் தாண்டியிருக்குமா? தெருவில் வாழ்ந்தபோது தெரிந்த கணக்கு, மாடிக்குக் குடி வந்ததும் மறந்து போவானேன்?

அரசாங்கத்துக்குச் சொல்வது ஒன்றுதான். 10 வீடு, 3 மாடி என்ற வரம்பு இருக்கட்டும். லிப்ட் இருக்கக் கூடாது என்ற வரியை அடியுங்கள். மின் கட்டணம் மாற்றும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. அப்போது ஒரு கடிதம் எழுதிப் போட நமக்கு நேரமில்லை என்று யாரும் சொல்லாதீர்கள். நம்மிடம் அதுதானே நிறைய இருக்கிறது!

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். லிப்ட்டுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், மாதம் கொஞ்சம் போட்டு வந்தால் போர்டு போகும் நாளில் கூட்டம் போட்டுக் கெஞ்ச வேண்டாம். வரவு செலவை மாதாமாதம் லிப்ட் பக்கத்திலேயே ஒட்டுங்கள். முதல் மாடிக்காரர் மின்சாரப் பங்கில் குறைத்துக் கேட்டால் பேசி முடிவு பண்ணலாம், தப்பில்லை. ஒன்றுமே தர மாட்டேன் என்பதைத்தான் ஒத்துக்கொள்ளக் கூடாது. முதல் மாடியில் இருக்கும் தம்பிமார்களே, உங்கள் வீட்டுக்கும் படி ஏறித்தான் வர வேண்டும். இன்றைக்கு நாற்பது வயது என்றால் இன்னும் முப்பது வருஷம். அதற்குள் அந்த லிப்ட்டை உயிரோடு வைத்திருங்கள்.