முதிர்ச்சிக்குக் காத்திருப்போம்

மன்னார்க் கரையில் மறிச்சுக்கட்டி ஒருகாலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்ற இடம். 1906ஆம் ஆண்டுக் குளிப்பின்போது லெனாட் வூல்ஃப் என்னும் இளம் அதிகாரி அங்கே பணியாற்றினார். அந்நாளில் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துச் சோதித்து, முதிர்ந்தன என்று கண்ட பின்னரே குளிப்பை அறிவித்தனர். சிப்பிக்குக் காட்டிய அப்பொறுமையை நாம் நம் சிறுவர்க்குக் காட்டுகின்றோமா?

முன்பள்ளியில் சிறுமி அமர்ந்து எழுதுகையில், நான்கு வயதுப் பையன் பென்சிலை எறிந்துவிட்டு ஓடுகிறான். உடனே அவனுக்குக் ‘குழப்படிகாரன்’ என்று பெயரிடுகிறோம். அவன் பள்ளியை வெறுக்கத் தொடங்குவது அப்பெயரிலேதான் என்பேன். 1944இல் இலங்கை வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மொண்டிசோரி அம்மையார், எழுதுகோலுக்கு முன் கையைப் பழக்கினார்; சொரசொரப்பான எழுத்துருவை விரலால் தடவச் செய்தார். கடலோரத்தில் மணலுக்கும் சிப்பிக்கும் கயிற்றுக்கும் பஞ்சமா? பையன் மணலில் எழுதட்டும், சிப்பியை எண்ணட்டும், கயிற்றில் முடிச்சிடட்டும்.

1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, போர் ஓய்ந்த 2009க்குப் பின்னர் மீளக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இச்சிறுவர். இழந்தவற்றையெல்லாம் கல்வியால் மீட்க வேண்டிய ஊரில் ஒரு பிள்ளையையும் நாம் இழத்தலாகாது. ஆசிரியப் பெருமக்களே, ஓடும் சிறுவனைக் கட்டிவைக்காதீர். அவன் கைக்கு வேலை கொடுங்கள். எழுத்து பின்னே வரும்.