புதுச்சேரியைவிடப் பக்கத்தில் விண்வெளி!



உங்களில் விண்வெளிக்குப் போய் வராதவர்கள் யாராவது உண்டா? இருக்கவே முடியாது! மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்க்கும்போதும், வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போதும் எத்தனையோ முறை நிலாவுக்குப் போய் வந்திருப்பீர்கள். "பாடத்தைக் கவனிக்காமல் என்ன பகல் கனவு?" என்று திட்டும் வாங்கியிருப்பீர்கள்!

இந்த வாரம் எல்லாரும் சேர்ந்தே ஒரு பயணம் போகலாம், வாருங்கள். புறப்படும் இடம், சென்னை பாலவாக்கம் கடற்கரை. மணலில் நம் ராக்கெட் தயாராக நிற்கிறது. ஏறிக்கொண்டீர்களா?

முதலில், எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். தரையிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் விண்வெளி தொடங்குவதாகப் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாலவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகவே அதைவிட அதிக தூரம்! மேல்நோக்கி ஒரு சாலை மட்டும் இருந்தால், பஸ்ஸில் ஏறி இரண்டு மணி நேரத்தில் விண்வெளியில் இறங்கிவிடலாம்.

"அவ்வளவுதானா?" என்கிறீர்களா? போவதைவிட, அங்கே தங்குவதுதான் கஷ்டம். மேலே எறிந்த பந்து கீழே வந்துவிடுகிறது அல்லவா? அப்படி விழாமல் 450 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்க, நொடிக்கு ஏழரை கி.மீ.க்கும் கூடுதலான வேகம் வேண்டும். அந்த வேகத்தில் பாலவாக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு ஐந்தாறு நொடியில் போய்விடலாம்!

பார்த்தீர்களா? கற்பனையில்தான் கிளம்பினோம். "எவ்வளவு தூரம்? என்ன வேகம்?" என்று கேட்டதுமே கற்பனையோடு கணக்கும் சேர்ந்துகொண்டது. விஞ்ஞானம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் என்ற 17 வயதுப் பையன், 1899-ம் ஆண்டு அக்டோபர் 19 அன்று ஒரு செர்ரி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். செவ்வாய்க் கிரகம் வரை போகும் கருவி ஒன்றைச் செய்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தான். அவன் கனவு காண்பதோடு நிற்கவில்லை. படித்தான், சோதனைகள் செய்தான். 1920-ல் ஒரு பெரிய பத்திரிகை, 'காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எப்படி இயங்கும்?' என்று அவரைக் கேலி செய்து தலையங்கமே எழுதியது. ஆனாலும், 1926-ல் திரவ எரிபொருளில் பறந்த உலகின் முதல் ராக்கெட்டை அவர் ஏவிக் காட்டினார். அது பறந்தது வெறும் இரண்டரை நொடிதான்! 1969-ல் மனிதர்கள் நிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதே பத்திரிகை தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்க கோடார்ட் உயிரோடு இல்லை.

நம் நாட்டிலேயே, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நடந்ததையும் கேளுங்கள். சென்னையில் உள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பின் வழிகாட்டுதலில், நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் 'ஆசாதிசாட்' என்ற செயற்கைக்கோளுக்கான கருவிகளை உருவாக்கினார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. செயற்கைக்கோளின் எடை 8 கிலோ. உங்கள் புத்தகப் பை எடைதான் இருக்கும்!

2022-ம் ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது. மாணவிகள் பலர் நேரிலேயே வந்து பார்த்தார்கள். ராக்கெட் அழகாகத்தான் எழும்பியது. ஆனால், இரண்டாவது அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் வேகத்தை அளக்கும் உணரிகள் குழம்பிப்போயின. கடைசியில் கொஞ்சம் வேகம் குறைந்துவிட்டது. 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய பாதை, ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்துவிட்டது. அங்கே இருக்கும் மெல்லிய காற்றே போதும், செயற்கைக்கோளைக் கீழே இழுத்துவிட! 750 பேரின் உழைப்பும் அன்றே போய்விட்டது.

அழுகை வந்திருக்காதா? வந்திருக்கும். ஆனால், கதை அதோடு முடியவில்லை. இஸ்ரோ விஞ்ஞானிகள் எங்கே தவறு என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். மாணவிகளின் 'ஆசாதிசாட்-2' தயாரானது. ஆறே மாதத்தில், 2023-ம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று, அது 450 கி.மீ. உயரத்துக்குப் போய்ச் சரியான பாதையில் சுற்றத் தொடங்கியது!

கற்பனையில் போகும் ராக்கெட் ஒருநாளும் விழாது, செல்லங்களே. செய்து பார்க்கும் ராக்கெட்தான் விழும். விழுந்தால் ஏன் விழுந்தது என்று கேட்பவர்களுக்குத்தான் வானம் வழிவிடும்.

அதனால், கனவு காண்பதை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை நிலாவுக்குக் கிளம்பும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கூட எடுத்துப் போங்கள். அங்கே மூச்சு விடுவது எப்படி? தண்ணீருக்கு என்ன செய்வது? வீடு திரும்புவது எப்படி? தோன்றும் கேள்விகளை எல்லாம் எழுதி வையுங்கள். ஒரே ஒரு கேள்விக்காவது இந்த வாரமே பதில் தேடுங்கள். அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள். பள்ளி நூலகத்தில் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் தம்பியோ தங்கையோ அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, "நான் செவ்வாய்க்குப் போகிறேன்" என்றால் சிரிக்காதீர்கள். "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேளுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்