வாசலில் வைத்த கண்

கதவு தட்டும் சத்தம் கேட்டால் "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பது வழக்கம். "நான்தான்!" என்று வெளியிலிருந்து பதில் வருவதும் வழக்கம். இந்த 'நான்தான்' என்னும் பதிலினால் இதுவரை யாருக்கும் எந்த விவரமும் தெரிந்ததில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக நாம் அதைக் கேட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்கி வருகிறோம். இந்தப் பழைய சங்கடத்தைத் தீர்த்து, அதையே ஒரு பெரிய வியாபாரமாகவும் செய்யலாம் என்று காட்டியவர் ஓர் அமெரிக்கர்.

ஜேமி ஸிமினாஃப் என்பது அவர் பெயர். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் வீட்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்று அவர் முயன்று கொண்டிருந்தார். கொட்டகையில் இருந்தால் வாசல் மணி காதில் விழவில்லை. ஆகவே மணியோடு ஒரு சிறு காமிராவைச் சேர்த்து, வந்தவர் முகம் தம் கைப்பேசியில் தெரியும்படி ஒரு யந்திரம் செய்தார். இருந்த இடத்திலிருந்தே வந்தவரோடு பேசவும் முடிந்தது. தமக்கு ஒரு சௌகரியம் என்றுதான் அவர் நினைத்தார். அவருடைய மனைவியோ, இது இருப்பதால் வீட்டில் தைரியமாக இருக்கிறது என்று சொன்னாராம். யந்திரத்தைச் செய்தவர் கணவர். அதை என்ன சொல்லி விற்க வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான் என்பது நம் அபிப்பிராயம்.

2013-ஆம் ஆண்டில் அவர் 'ஷார்க் டாங்க்' என்னும் டெலிவிஷன் நிகழ்ச்சிக்குப் போனார். தொழில் தொடங்குகிறவர்கள் பணக்காரர்கள் சிலரின் எதிரில் நின்று முதல் கேட்கும் நிகழ்ச்சி அது. ஸிமினாஃப் ஏழு லட்சம் டாலர் கேட்டார். பதிலுக்குக் கம்பெனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு தருவதாகச் சொன்னார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஒருவரும் பணத்தைக் கடனாகத்தான் கொடுப்பாராம். கடன் தீரும் வரையில் விற்பனையில் நூற்றுக்குப் பத்து. தீர்ந்த பிறகும் நூற்றுக்கு ஏழு. போதாததற்குக் கம்பெனியில் நூற்றுக்கு ஐந்து பங்கு! நமது வட்டிக் கடைக்காரர்கள் இதைக் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ஸிமினாஃப் வேண்டாமென்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார்.

வெறுங்கை என்று சொன்னது முழுதும் சரியல்ல. நிகழ்ச்சியைப் பார்த்த ஜனங்கள் யந்திரத்துக்கு ஆர்டர் அனுப்பத் தொடங்கினார்கள். மறு வருஷம் 'டோர்பாட்' என்ற பெயரை மாற்றி 'ரிங்' என்று வைத்தார். மணியோசைக்கும் அந்தச் சொல்தான். வீட்டைச் சுற்றிப் போடும் காவல் வளையத்துக்கும் அந்தச் சொல்தான். நல்ல பெயர் ஒன்று ஆயிரம் விளம்பரத்துக்குச் சமானம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பெயரினால் மட்டும் கம்பெனி வளராது. இந்தத் தொழிலில் உள்ள கஷ்டம் நேயர்களுக்குச் சட்டென்று புலப்படாது. பூட்டோ மணியோ விற்கிறவன் ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் விற்க முடியும். நல்ல சாமானாக இருந்தால் அந்த வீட்டார் இருபது வருஷத்துக்குக் கடைப் பக்கம் வரமாட்டார்கள். கெட்ட சாமானாக இருந்தால் ஒருபோதும் வரமாட்டார்கள். மாதா மாதம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி? ரிங் கம்பெனி இதற்கு ஒரு வழி செய்தது. வாசலில் எடுத்த படங்கள் கம்பெனியின் கணக்கு யந்திரங்களில் சேர்த்து வைக்கப்படும். அவற்றைப் பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் அந்நாளில் மாதம் மூன்று டாலர் சந்தா கட்ட வேண்டியிருந்தது. மணியின் விலை அப்போது இருநூறு டாலருக்கு ஒன்று குறைவாக இருந்தது. அதை ஒரு தடவை கொடுத்தால் போதும், சந்தாவோ நின்றபாடில்லை. நமது பத்திரிகைக்குச் சந்தா கட்டும் நேயர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம்!

இந்த ஏற்பாட்டிற்குள் ஒரு முள் இருந்தது. படங்கள் வீட்டுக்காரர் பெட்டியில் இல்லை. கம்பெனியின் பெட்டியில் இருந்தன. அது பிற்பாடு குத்திற்று.

2015-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பேட்டையில் கம்பெனியார் சில வீடுகளுக்கு இலவசமாக மணிகளைப் பொருத்தினார்கள். அங்கே கன்னக்களவு நூற்றுக்கு ஐம்பத்தைந்து குறைந்துவிட்டது என்று விளம்பரம் செய்தார்கள். 2018-இல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை இந்தக் கணக்கைச் சோதித்து, அது நிற்காது என்று எழுதியது. ஆனால் கம்பெனியின் வளர்ச்சியை அது தடுக்கவில்லை. அதே வருஷம் அமேஸான் கம்பெனி ரிங்கை விலைக்கு வாங்கியது. நூறு கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அமேஸான் தன் கணக்கில் காட்டிய ரொக்கம் சுமார் 84 கோடி டாலர். ஸிமினாஃப் அந்த வருஷமே பழைய டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு மறுபடியும் போனார். இந்தத் தடவை முதல் கேட்கும் இடத்தில் அல்ல, முதல் கொடுப்பவர்களின் நாற்காலியில்!

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இதை எழுதியிருக்கமாட்டோம். 2023 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் ரிங் கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி வேகமாக வளர்ந்த 2017-இல், அதன் சிப்பந்திகளில் எவர் வேண்டுமானாலும் எந்த வீட்டுப் படத்தையும் திறந்து பார்க்க முடிந்ததாம். வாசல் மணியோடு வீட்டுக்குள்ளே வைக்கும் காமிராக்களையும் கம்பெனி விற்று வந்தது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். படுக்கை அறையிலும் ஸ்நான அறையிலும் காமிரா வைத்திருந்த பெண்களின் படங்களை ஒரு சிப்பந்தி பல வாரங்கள் பார்த்து வந்தான். குறைந்தது 81 பெண்கள்; ஆயிரக்கணக்கான படங்கள். உடன் வேலை செய்த ஒரு பெண்மணி இதைக் கண்டு மேலதிகாரியிடம் முறையிட்டார். இத்தனை படங்களைப் பார்ப்பது இன்ஜினீயருக்குச் சகஜம்தான் என்று அந்த அதிகாரி முதலில் தட்டிக் கழித்தார். பார்க்கப்பட்டவர்கள் எல்லோரும் அழகான பெண்களாகவே இருப்பதைக் கவனித்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அதன் பிறகு அவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். அந்தப் பெண்மணி வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

வெளி ஆசாமிகளும் சும்மா இருக்கவில்லை. வேறு இடங்களில் திருடிய ரகசியச் சொற்களைப் போட்டுப் பார்த்து, 2019-லும் 2020-இன் தொடக்கத்திலும் 55,000-க்கு மேற்பட்ட அமெரிக்க வாடிக்கைக்காரர்களின் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். 2019 டிசம்பரில் மிஸிஸிப்பி மாகாணத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் அறையில் இருந்த காமிராவின் மூலம் ஓர் அந்நிய ஆண் குரல் அவளோடு பேசிற்று. தான் கிறிஸ்துமஸ் தாத்தா என்று அது சொல்லிக் கொண்டது. குழந்தைகளைக் கவனித்துக் கொள்வதற்காகத் தாயார் நாலு நாள் முன்புதான் அந்தக் காமிராவை வைத்திருந்தார். கணக்கில் நுழைய ரகசியச் சொல்லோடு இன்னொரு இரகசிய எண்ணும் கட்டாயம் வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த இரண்டாம் தாழ்ப்பாளை முதலிலேயே போட்டால் வாடிக்கைக்காரர்களுக்குத் தொந்தரவு, விற்பனைக்கு இடைஞ்சல் என்று கம்பெனிகள் பொதுவாகத் தயங்குவதுண்டு. தாழ்ப்பாள் விற்கிறவர்களே தாழ்ப்பாளுக்குத் தயங்கினால் நாம் என்ன சொல்வது?

கமிஷன் கூறியவற்றைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை; ஆயினும் 58 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக் கொண்டது. 2024 ஜனவரியில், போலீஸார் தன் செயலி வழியாகப் பொதுஜனங்களிடம் படம் கேட்டு வந்த ஏற்பாட்டையும் நிறுத்தியது. 2023-இல் விலகிய ஸிமினாஃப், 2025-இல் தாம் தொடங்கிய கம்பெனிக்கே திரும்பி வந்தார்.

வழக்கில் வந்த பணத்தைக் கமிஷன் 2024-இல் வாடிக்கைக்காரர்களுக்குப் பங்கிட்டது. 56 லட்சம் டாலர். பெற்றவர்கள் 1,17,044 பேர். வகுத்துப் பார்த்தோம். தலைக்குச் சுமார் 48 டாலர் வருகிறது. மணி வாங்கக் கொடுத்த விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.